மண்ணுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 எக்டர் நிலத்தைத் தனியே பிரித்து, 1980களின் நடுப்பகுதி தொடங்கி ஆய்வாளர்கள் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து வருகின்றனர். அந்த நிலத்தில் மட்டும் 800க்கும் அதிகமான மர வகைகள் உள்ளன. அங்கே யாரும் உரமிடுவதில்லை. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் விளைச்சல் ஏறவில்லையே என்று கவலைப்படும் செம்பனைச் சிறுதோட்டக்காரருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. உரமே காணாத காடு எப்படி இவ்வளவு செழிப்பாக நிற்கிறது?

காட்டு மண் இயற்கையிலேயே வளமானது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சத்துகளைக் கழுவிச் சென்று விடுகிறது. எஞ்சிய மண் அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசை இறுகப் பிடித்துக் கொள்கின்றன. சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. அதை எட்ட வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

வேரும் பூசணமும்

செடி, சூரிய ஒளியைக் கொண்டு இலையில் சர்க்கரையைத் தயாரிக்கிறது. அதில் ஒரு பகுதியை வேர் வழியாக மண்ணுக்குள் அனுப்புகிறது. இது வீண் செலவன்று, கூலி. அந்தச் சர்க்கரையைப் பெறும் பூசணங்கள் வேரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளை மண்ணுக்குள் பரப்பி, வேர் நுழைய முடியாத இடுக்குகளிலிருந்து மணிச்சத்தையும் நீரையும் கொண்டு வந்து சேர்க்கின்றன.

இந்தக் கூட்டுறவுக்கு 1885ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். 'மைக்கோரைசா' என்றார், 'பூசண வேர்' என்று பொருள். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய செடிகளின் புதைபடிவங்களிலும் இத்தகைய பூசணங்கள் காணப்படுகின்றன. நிலத்தில் வாழும் தாவர வகைகளில் பெரும்பாலானவை இன்றும் இந்தத் துணையோடுதான் வாழ்கின்றன.

மெராந்தி, கெருயிங், கப்பூர் போன்ற நம் காட்டின் பெருமரங்களுக்குத் தனி வகைப் பூசணம் துணை நிற்கிறது. அது வேர்நுனியைக் காலுறைபோல் மூடிக் கொள்கிறது. இம்மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் காய்க்கின்றன. விதைகளில் பெரும்பாலானவை தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. விழுந்த சில நாள்களிலேயே முளைக்கும் கன்றின் வேர், தாய்மரத்தைச் சார்ந்து ஏற்கெனவே வாழும் பூசண இழைகளைச் சந்திக்கிறது.

மரங்கள் இந்த இழைகளின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் கன்றுக்கு உணவூட்டுகிறது என்றெல்லாம் செய்திகள் வருவதுண்டு. ஆனால், காட்டில் அவ்வாறு நடப்பதற்குப் போதிய சான்று இல்லை என 2023இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. கன்றின் வேரில் பூசணம் குடியேறுவதும் சத்து கொண்டு வருவதும் உறுதியானவை. மற்றவை இன்னும் ஆய்வில் உள்ளன.

தோட்டப்புறம் அறிந்த கொடி

ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கன்று வரிசைகளுக்கு இடையே படர்ந்து கிடந்த பச்சைக் கொடிகள் நினைவிருக்கும். பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அக்கொடிகள் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை மண்ணரிப்பைத் தடுத்தன. லாலான் புல்லை அடக்கின. அதோடு, சத்தமில்லாமல் உரமும் தயாரித்தன.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. 1888இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காய்த்துக் கொண்டிருக்கும் பயற்றங்காய்ச் செடி ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினால் போதும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு பொருளே அந்த நிறத்தைத் தருகிறது.

பகைவர்களும் உண்டு

மண்ணில் இருப்பவை எல்லாம் நண்பர்கள் அல்ல. ஒரு மரத்தைத் தாக்கும் நோய்க்கிருமிகள் அம்மரத்தின் அடியில்தான் அதிகம் சேருகின்றன. அதனால் அதே இனத்துக் கன்றுகள் அங்கே பிழைப்பது கடினமாகிறது. வேறு இனத்திற்கு இடம் கிடைக்கிறது. டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியே முன்வைத்த கருத்து இது. எந்த ஓர் இனமும் காடு முழுவதையும் பிடித்துக்கொள்ளாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

ஒரே பயிரை மட்டும் வைக்கும் தோட்டத்தில் நிலைமை தலைகீழாகிறது. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மா பூசணம், பட்ட மரத்தை மக்க வைக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே அடுத்த செம்பனை, அதற்கடுத்தும் செம்பனை. வேரோடு வேர் உரசும் இடத்தில் அது பரவுகிறது. பழைய அடிக்கட்டையில் தங்கி மறுநடவுக் கன்றையும் பிடிக்கிறது. மரத்தடியில் தட்டுப்போன்ற காளான் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழுகியிருக்கும். முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. மறுநடவின்போது பழைய அடிக்கட்டையைத் தோண்டி அகற்றித் துண்டு துண்டாக்குவது பாதிப்பைக் குறைக்கும். ட்ரைக்கோடெர்மா என்னும் எதிர்ப்பூசணத்தைத் தடுப்பாக இடுவதும் உண்டு.

மீண்ட மண்

கெட்டுப்போன மண் மீளுமா? கெப்போங்கில் உள்ள மலேசிய வனவியல் ஆய்வுக் கழகத்தின் வளாகம் இதற்குப் பதில் சொல்கிறது. 1920களில் அங்கே கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலம் கிடந்தது. ஈயம் கழுவிய பின் மிஞ்சுவது வெறும் மணல். அதில் மக்கு இல்லை, ஈரம் நிற்காது, நுண்ணுயிர்க்கு உணவும் இல்லை. அங்கே மரங்கள் நடப்பட்டன. இலை உதிர்ந்தது, மக்கியது, மண்ணுக்கு உயிர் வந்தது. இன்று 500 எக்டருக்கும் மேல் பரவியுள்ள அந்தக் காட்டை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. ஒரு புல்டோசர் அதைச் சில நாள்களில் அழித்துவிடும்.

வீட்டுத் தோட்டத்திற்கும் இதே விதிதான். உதிர்ந்த இலையைக் குவித்துக் கொளுத்தினால் மண்ணின் உணவு புகையாகிறது. திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றமும்கூட. அதே இலையைச் செடியடியில் மூடாக்காகப் போட்டால் மக்கி உரமாகும். மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால், செடி பூசணத்துக்குக் கூலி கொடுப்பதைக் குறைத்துக் கொள்ளும். அந்த உறவு தளரும். கத்தரியும் மிளகாயும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நட்டால் அவற்றின் நோய்கள் பெருகும். இடையில் ஒரு முறை பயற்றங்காயோ கச்சானோ போட்டு, அறுவடைக்குப் பின் வேரை மண்ணிலேயே விட்டுவிடுவது நல்லது.

செடிக்கு உணவிடுவது மட்டும் விவசாயம் அன்று. செடிக்கு உணவு தேடித் தரும் உயிர்களையும் பட்டினி போடாதிருக்க வேண்டும். இனி இலைக் குவியலுக்குத் தீ வைக்குமுன், அது யாருடைய சாப்பாடு என்று சற்றே சிந்திப்போமாக!