சோளமா, கம்பா? டெக்சாஸ் கோடைக்கு மாட்டுத் தீவனம்

டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் வாங்கி, பதினைந்து மாடு வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் நிலம் வாங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கோடைக்கு என்னங்க விதைக்கிறது?" என்பதுதான். விதைக்கடையில் 'சோர்கம் சூடான்', 'பேர்ல் மில்லட்' என்பார்கள். மிரள வேண்டாம். முன்னது சோளத்துக்கும் சூடான் புல்லுக்கும் பிறந்த ஒட்டு. பின்னது சாட்சாத் நம்ம கம்பு!

விளைச்சலை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் சோளம்தான் ஜெயிக்கும். ஆனால் மாட்டை நேராக மேயவிடுவதாக இருந்தால் என் ஓட்டு கம்புக்கே. காரணம், சயனைடு. இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய சோளத்திலும், உறைபனி பட்டதிலும் அது சேரும். பசியோடு மேய்ந்த மாடு சில நிமிஷத்தில் விழுந்துவிடும். "கதிர் வாங்காத சோளத்துல மாட்டை விட்றாதப்பா" என்று ஊரில் அப்பா சொல்வது இதற்குத்தான். இங்கே சொல்லும் கணக்கு, குறைந்தது 2 அடி உயரம். வாடிக் கிடந்த பயிர் ஒரு மழைக்குப் பச்சை பிடிக்குமே, அந்தப் புதுத்தளிர் இன்னும் ஆபத்து. கம்பில் இந்த விஷம் கிடையாது. குதிரையும் வைத்திருப்பவர்கள் சோளம் பக்கமே போகாதீர்கள். அதற்குச் சிறுநீர்ப்பை கெட்டுவிடும்.

அதற்காகக் கம்பு முழுச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். யூரியாவை அள்ளிப் போட்டு, மழையும் பொய்த்தால், இரண்டு பயிரிலுமே அடித்தண்டில் நைட்ரேட் தங்கும். சயனைடாவது நன்றாகக் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். நைட்ரேட் போகாது; உருளையாகக் கட்டி வைத்தால் குளிர்காலம்வரை அப்படியே இருக்கும். மாட்டுக்குப் போடுவதற்கு முன் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு மாட்டின் விலைக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. அடியில் 6 முதல் 8 அங்குலம் விட்டு அறுத்தால் நைட்ரேட்டும் குறையும், மறுதாம்பும் சீக்கிரம் கிளம்பும்.

காயவைப்பதுதான் பெரிய பாடு. தண்டு தடிமன் என்பதால் இலை சருகானாலும் உள்ளே ஈரம் நிற்கும். தண்டை நசுக்கிவிடும் அறுவை இயந்திரம் கிடைத்தால் வாடகைக்காவது எடுங்கள். விதையை நெருக்கமாகப் போட்டாலும் தண்டு மெலியும்.

வருஷாவருஷம் விதைக்க முடியாதவர்களுக்கு எங்கள் பக்கம் 'பஃபல் கிராஸ்' இருக்கிறது. காங்கேயம் கொறங்காட்டில் மாடு மேயுமே, அதே கொழுக்கட்டைப்புல்! குளிர் கூடுதலான டல்லாஸ் பக்கம் அது தாங்காது. அங்கே பெர்முடா புல்தான், அதாவது நம்ம அருகம்புல் ஜாதி.