மீன்தொட்டிக்கு வெப்பம்: எவ்வளவு, எப்படி?

திருவிவிலியத்தின் முதல் நூலைத் திறந்து படைப்பின் வரலாற்றை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். ஆண்டவர் வழங்கிய முதல் ஆசீர் மனிதனுக்கு அன்று; ஐந்தாம் நாளில் நீரில் நீந்தும் உயிர்களுக்கும் வானில் பறக்கும் பறவைகளுக்குமே அது வழங்கப்பட்டது. மனிதன் அடுத்த நாளில்தான் வருகிறான். வந்த அவனிடம் மீன்களின் மீதும் ஆட்சி ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஆட்சி விருப்பம்போல் நடத்தும் உரிமையன்று, பேணிக் காக்கும் பொறுப்பே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல் விரிவாக எடுத்துரைக்கின்றது.

கடலில் வாழும் மீனுக்குக் குளிர்ந்தால் வெதுவெதுப்பான இடம் நாடிச் செல்ல வழியுண்டு. நம் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீனுக்கோ அவ்வழியில்லை. அதன் உணவு, காற்று, வெப்பம் ஆகிய அனைத்தும் நம் கையில் உள்ளன. ஆகவே, சிறு பொருளாகத் தோன்றும் இதனைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுதுவது பொருத்தமே என எண்ணுகிறோம்.

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது, வீட்டுப் பீடத்திற்கு அருகிலேயே மீன்தொட்டி வைத்திருப்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் முறை மாற்றி உழைத்துவிட்டு வருவோருக்கு, ஓசையின்றி நீந்தும் மீன்களைப் பார்த்திருப்பது நல்ல இளைப்பாறுதல். மார்கழி பிறந்ததும், “சாமி, மீன் ஒவ்வொன்றாய்ச் சாகிறது, ஹீட்டர் வாங்கிப் போடலாமா?” என்ற கேள்வியும் எழுகின்றது. கேள்வி எளியது, ஆனால் விடையில் மீனின் உயிர் மட்டுமன்றி வீட்டுக் குழந்தையின் உயிரும் அடங்கியிருக்கிறது.

எந்த மீனுக்கு வெப்பம் தேவை?

வண்ண மீன்கள் நமக்குப் புதியவை அல்ல. 1909ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று சென்னைக் கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற இடமாக விளங்குகிறது. அங்கிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும் மீன்கள் எல்லாம் ஒரே நாட்டைத் தாயகமாகக் கொண்டவை அல்ல.

தங்க மீன் சீன நாட்டிலிருந்து வந்தது. 18 முதல் 24 டிகிரி வரையுள்ள குளிர்ந்த நீரே அதற்கு இன்பம். அதற்கு ஹீட்டர் தேவையே இல்லை. தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட பைட்டர் மீன் 25 முதல் 28 டிகிரியை விரும்பும். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ஏஞ்சல் மீனும் ஏறத்தாழ அப்படியே. அதே ஆற்றுப் படுகையின் டிஸ்கஸ் மீனுக்கோ 28 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஆகவே தங்க மீனையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு எந்த ஹீட்டரை வாங்கினாலும் ஒன்றுக்கு இன்பம், மற்றொன்றுக்குத் துன்பம் என்றே முடியும்.

மீனின் உடலுக்குத் தனிச் சூடு கிடையாது. நீரின் சூடே அதன் சூடு. நம் பகுதியில் மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் 20 டிகிரியை ஒட்டி இறங்குவதுண்டு. காரை வீட்டின் உள்ளறையில் இருக்கும் தொட்டி அவ்வளவு குளிர்வதில்லை. தகரக் கூரை வேய்ந்த வாடகை அறையிலும், இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையிலும்தான் நீர் பகலில் சூடாகி இரவில் சட்டெனக் குளிர்கிறது. குளிரைவிட இந்த ஏற்ற இறக்கமே மீனை மிகுதியாகத் தளரச் செய்கிறது. எனவே, ஹீட்டர் வாங்குமுன் ஒரு வெப்பமானியை வாங்கித் தொட்டியில் வைத்து, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறுபாடு ஓரிரு டிகிரிக்குள் அடங்கி, மீனின் தேவைக்கும் பொருந்தியிருந்தால் ஹீட்டருக்குச் செலவிட வேண்டுவதில்லை.

தளர்ந்த மீனைப் பற்றும் நோய்களில் முதன்மையானது வெண்புள்ளி நோய். உப்பைத் தூவியதுபோல் உடலெங்கும் புள்ளிகள் தோன்றும். இதனை உண்டாக்கும் நுண்ணுயிரின் பெயர் ‘இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ்’. ‘இக்துஸ்’ என்றால் கிரேக்க மொழியில் மீன். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் இயேசுவின் திருப்பெயரைக் குறிக்கும் அடையாளமாகக் கொண்ட அதே சொல். பெயர் முழுவதற்கும் ‘பல பிள்ளைகளைப் பெற்ற மீன் பேன்’ என்பது பொருள். பெயருக்கேற்ப, மீனின் உடலிலிருந்து உதிர்ந்த ஓர் உயிர் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மீண்டும் மீனைத் தேடுகிறது. தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டாது. நீரில் நீந்தும் வேளையில்தான் அது மடியும். குளிர்ந்த நீரில் இச்சுழற்சிக்கு வாரங்கள் ஆகும். வெதுவெதுப்பான நீரிலோ சில நாள்களில் முடிந்துவிடும். ஆகவேதான் மருந்திடும்போது, வெப்பத்தைத் தாங்கும் மீன்களாயின், நீரின் சூட்டைச் சற்றே உயர்த்துகிறார்கள். அதனையும் நாளொன்றுக்கு 2 டிகிரிக்கு மேற்படாமல், காற்றுக்குழாயை நன்கு ஓடவிட்டுச் செய்தல் வேண்டும்.

பெரிதே நன்று என்பது பிழை

ஹீட்டர் தேவையென முடிவு செய்தவர்கள், ‘பெரியதாக வாங்கினால் விரைவில் சூடாகும்’ என்று எண்ணுகிறார்கள். இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். 50 வாட் ஹீட்டர் வினாடிக்கு 50 ஜூல் தருகிறது. ஆக, அந்தத் தொட்டி ஒரு டிகிரி உயர 70 நிமிடங்கள் ஆகும். 200 வாட் ஹீட்டரோ இதே வேலையைப் பதினேழரை நிமிடங்களில் செய்துவிடும்.

இப்போது, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதாகக் கொள்வோம். 200 வாட் ஹீட்டர் 26 டிகிரி நீரை இரண்டரை மணி நேரத்திற்குள் 34 டிகிரிக்கு ஏற்றிவிடும். காலை முறை வேலைக்குப் பேருந்து ஏறிச் சென்றவர் மாலையில் திரும்பும்போது மீன்கள் வெந்து மிதக்கும். 50 வாட் ஹீட்டராயின் அதே சூட்டுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். கண்ணாடி வழியாகவும் நீர்ப்பரப்பின் வழியாகவும் வெப்பம் வெளியேறுவதால் அந்த அளவை எட்டாமலே நிற்கவும் கூடும்.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கு அதுவே தாராளம். இன்னும் நல்ல வழியொன்று உண்டு: 50 வாட் ஒன்றுக்குப் பதிலாக 25 வாட் இரண்டினைத் தொட்டியின் இரு முனைகளிலும் வைப்பது. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் கொதிக்காது. ஒன்று எரியாமல் நின்றுபோனாலும் மற்றது மீனைக் காக்கும்.

இரண்டாம் காவல்

மலிவான ஹீட்டர்கள் பலவற்றின் தெர்மோஸ்டாட்டில் இருப்பது, இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. சூடானால் வளைந்து மின் தொடர்பைத் துண்டிக்கும். குளிர்ந்தால் நிமிர்ந்து இணைக்கும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் சிறு பொறி எழுகிறது. நாளடைவில் அம்முனைகள் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. அன்று முதல் ஹீட்டர் அணைவதே இல்லை.

ஒரகடத்துத் தொழிலாளரிடம், இயந்திரத்திற்கு ஒரே ஒரு பாதுகாப்பு போதுமா என்று கேட்டுப் பாருங்கள், நகைப்பார்கள். ஒன்று தவறினால் மற்றொன்று காக்க வேண்டும் என்பது அவர்கள் நாள்தோறும் கடைப்பிடிக்கும் பாடம். அதே பாடம் வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும். உணரியுடன் கூடிய தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதனைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி, அதன் வழியாக ஹீட்டருக்கு மின்சாரம் தர வேண்டும். கருவியை 26 டிகிரியிலும், ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 27 டிகிரியிலும் நிறுத்தி வைத்தால், கருவி அன்றாட வேலையைச் செய்யும். அது தவறினால் தெர்மோஸ்டாட் தடுக்கும். கருவியின் உணரி நீரைவிட்டு வெளியே விழுந்துவிட்டால் அது காற்றின் குளிரை நீரின் குளிரென்று எண்ணிச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உணரியை நீரினடியில் உறுதியாகப் பொருத்துவது முக்கியம். இவ்விரண்டிற்கும் மேலாக, தினமும் வெப்பமானியைப் பார்க்கும் மனிதக் கண் ஒன்றும் வேண்டும். அப்பொறுப்பை வீட்டுச் சிறுவர்களிடம் ஒப்படைத்தால் ஒழுங்கும் பழகும்.

நீரும் மின்சாரமும்

மிக முக்கியமானதை இனிச் சொல்கிறோம். குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டர் ராடை மீன்தொட்டியில் ஒருபோதும் இடக்கூடாது. 1,500 வாட் ராடு 50 லிட்டர் நீரை இரண்டரை நிமிடத்திற்குள் ஒரு டிகிரி ஏற்றிவிடும். அத்துடன், அதன் உறையில் வெடிப்பு ஏற்பட்டால் தொட்டி நீர் முழுவதும் மின்சாரம் பரவி, கையை விடுபவரின் உயிரையே பறிக்கும்.

மீன்தொட்டிக்கென்றே செய்த கண்ணாடி ஹீட்டரும் ஆபத்திற்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. கண்ணாடி உடைந்தால் நீரில் மின்சாரம் கசியும். பியூஸ் காப்பாற்றும் என நம்பியிருத்தல் ஆகாது. 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர் வரை தாங்குவது; மனித இதயத்தை நிறுத்தவோ சில பத்து மில்லி ஆம்பியரே போதும். இதற்காகவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி உள்ளது. வாடகை வீட்டில் இருப்போரும் வீட்டுக்காரரிடம் பேசி இதனைப் பொருத்தச் செய்வது கடமை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதும் நன்று.

தொட்டியில் கை வைக்குமுன் ஹீட்டர், மோட்டார் ஆகிய அனைத்தின் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும்; சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஆலையில் பழுதுபார்ப்பவர் இயந்திரத்தின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் இதே காரணத்திற்காகவே. நீர் மாற்றும் நாளில் பிளக்கைப் பிடுங்கி, குறைந்தது பதினைந்து நிமிடங்கள் ஹீட்டரை நீருக்குள்ளேயே ஆறவிட்ட பின்னரே நீரை இறைக்க வேண்டும். சூடான ஹீட்டர் நீர்மட்டத்திற்கு மேலே வந்தால் வெடிக்கும். புதிய ஹீட்டரையும் நீருக்குள் மூழ்கவைத்த பின்னரே இணைக்க வேண்டும். மணலில் புதைக்காமல், வடிகட்டியின் நீரோட்டம் படும் இடத்தில் வைத்தால் சூடு சமமாகப் பரவும். மின்கம்பி பிளக்கிற்குக் கீழே சற்றுத் தொங்கி, பின் மேலேறிச் செல்லும்படி அமைத்தால், கம்பி வழியே வழியும் நீர் பிளக்கிற்குள் புகாமல் தரையில் சொட்டிவிடும். தொட்டிக்கு நேர்கீழே தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

புயல் நாளும் கோடை நாளும்

2023ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல இடங்களில் மின்சாரம் நீண்ட நேரம் தடைபட்டது. அத்தகைய வேளையில் தொட்டியைச் சுற்றிப் போர்வையோ தெர்மாகோல் பலகையோ வைத்தால் சூடு மெல்லவே குறையும். கொதிநீரை ஊற்றுவது தீங்கு. குளிரைவிடக் காற்றின்மையே முதலில் மீனைக் கொல்லும் என்பதால், ஒரு குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பது உதவும்.

நம் ஊர்க் கோடையோ குளிர்காலத்தைவிடக் கொடியது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு பிராணவாயுவைக் கொள்ளும். 30 டிகிரி நீரோ ஏழரை மில்லிகிராமே கொள்ளும். ஆகவே பங்குனி பிறந்தவுடன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் மூடியைத் திறந்து வலை போர்த்தி, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியின் காற்று படச் செய்யலாம்.

அன்பர்களே, மீன் வாய்திறந்து முறையிடாது; குளிர்கிறது, வேகிறது என்று சொல்லவும் அதற்கு மொழியில்லை. சொல்லத் தெரியாத உயிரின் தேவையை நாமாகவே உணர்ந்து செய்வதுதான் நம்பிக்கைக்குரிய பணியாளரின் அடையாளம் என்று ஆண்டவர் நமக்குக் கற்பித்திருக்கிறார். வருகிற மார்கழிக்கு முன்பு வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். உங்கள் வீட்டு மின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. உள்ளதா என்று இன்று மாலையே திறந்து பாருங்கள். அது இல்லையெனில், ஹீட்டரைப் பற்றி எண்ணுமுன் அதனைப் பொருத்துங்கள்.