வீட்டில் ஓடிய நிரல் கல்லூரியில் ஏன் ஓடவில்லை? முதல் வரியைப் பாருங்கள்

பண்டார் தெங்காரா - செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஜொகூர் நகரிலிருந்து வெளியூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் கணினித் துறையை எடுப்பவர்களும் உண்டு. கல்லூரிக் கூடத்தில் லினக்ஸ், அறைத் தோழரிடம் மேக், வீட்டிலோ அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் மடிக்கணினி. விடுமுறையில் எழுதிய பைதான் நிரல், ஒப்படைக்கும் நாளில் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று அடம்பிடிக்கும். கோப்போ கண்முன்னே இருக்கும். தனக்குப் படிப்பு வரவில்லை என்று மாணவர் சோர்ந்து போவார். பல நேரங்களில் தவறு முதல் வரியில்தான்.

லினக்ஸ், மேக் போன்ற கணினிகளில் நிரல் கோப்பின் முதல் வரி #! என்ற இரு குறிகளோடு தொடங்கும். இதற்கு 'ஷெபாங்' என்று பெயர். 1980-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி யூனிக்ஸில் இதைச் சேர்த்தார். இந்த நிரலைப் படித்து இயக்கப்போகும் மென்பொருள், அதாவது இயக்கி, எங்கே இருக்கிறது என்பதை அந்த வரி சொல்கிறது. காணவில்லை என்று கணினி சொல்வது உங்கள் கோப்பை அல்ல, அந்த இயக்கியைத்தான்.

சிக்கல் என்னவென்றால், இயக்கி எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. லினக்ஸில் பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/பின் கோப்புறையில் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின். ஆப்பிள் சில்லு கொண்ட மேக்கில் ஹோம்புரூ வழியாக நிறுவினால் /ஆப்ட்/ஹோம்புரூ என்ற கோப்புறைக்குள். போதாக்குறைக்கு, 2022-இல் வந்த மேக் 12.3 பதிப்பு பழைய பைதான் 2-ஐயே நீக்கிவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். "மூன்றாவது லயம், ஐந்தாவது வீடு" என்று முகவரி எழுதினால், ஆள் வீடு மாறியதும் கடிதம் போய்ச் சேராது. "ஆபீஸ் கிராணியிடம் கேட்டு இன்னாரிடம் கொடுக்கவும்" என்று எழுதினால் எங்கே குடியிருந்தாலும் சேரும். கணினியில் அந்தக் கிராணியின் பெயர் 'என்வ்'. ஆகவே முதல் வரியை இப்படி எழுதலாம் (தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

#!/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பைதான்3

என்வ் ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ் வகைக் கணினியிலும் அதே இடத்தில் இருக்கும். அது 'பாத்' எனும் பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படும் பைதானிடம் நிரலை ஒப்படைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

* பெயரை 'பைதான்3' என்றே எழுதுங்கள். வெறும் 'பைதான்' என்பது சில கணினிகளில் இல்லை. சிலவற்றில் அது பழைய பதிப்பைக் குறிக்கும்.

* ஒரே பெயரில் இருவர் இருந்தால் கிராணி முதலில் கண்டவரிடம்தான் கொடுப்பார். அதனால் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

* #! கோப்பின் முதல் எழுத்தாகவே வரவேண்டும். மேலே வெற்று வரியோ முன்னால் இடைவெளியோ கூடாது.

* விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கலாம். லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, 'பைதான்3'-ஐக் காணவில்லை என்கும். எழுதும் செயலியில் வரி முடிவை 'எல்எஃப்' என்று மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

விண்டோஸ் தானாக இந்த வரியைப் பொருட்படுத்தாது. ஆனால் பைதானோடு வரும் 'பை' எனும் தொடக்கி அதைப் படிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ /யுஎஸ்ஆர் கோப்புறையே கிடையாது. அங்கே 'பைதான்3' என்று தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. அப்படி இயக்கினால் முதல் வரி எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

ஒரு காலத்தில் ஒரு கணினியில் தட்டிய தமிழ், மறு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. எல்லாரும் யூனிகோட் என்ற ஒரே முறைக்கு வந்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. இங்கேயும் அப்படித்தான். பிள்ளையின் உழைப்பு வீணாகாமல் இருக்க, ஒப்படைக்கும் முன் இன்னொரு கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.