கூகுளின் முதற்பக்கமும் சிறு வர்த்தகரின் பணமும்

எமது பிரதேசங்களில் சிறு வர்த்தகர்கள் தமது தொழிலுக்கென இணையத்தளம் ஒன்றை ஆரம்பிப்பது இப்போது அபூர்வமான விடயமல்ல. மருதமுனையில் கைத்தறிச் சேலை நெய்விப்பவரும், யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் பொதி செய்து அனுப்புபவரும், பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்பவரும் இதற்கெனப் பணம் செலவிடுகின்றனர். ஆனால், தளம் ஆரம்பமாகி இரண்டு மூன்று மாதங்கள் சென்றதும் அநேகமாக எல்லோரிடமிருந்தும் ஒரே முறைப்பாடுதான் எழுகின்றது. கூகுளில் தேடினால் கடையைக் காணவில்லை என்பதே அது. அந்த வேளை பார்த்து மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ ஓர் அழைப்பு வந்து சேரும். மாதக் கட்டணம் செலுத்தினால் முப்பது நாட்களுள் முதற்பக்கத்தில், அதுவும் முதலாம் இடத்தில், கொண்டுவந்து நிறுத்துவதாக அதில் உத்தரவாதம் அளிக்கப்பட்டிருக்கும்.

அத்தகைய உத்தரவாதத்தை எவராலும் வழங்க முடியாது என்பதை முதலில் கூறிவிட வேண்டும். இது எமது அபிப்பிராயம் மாத்திரமல்ல. தனது தேடலில் முதலிடத்தை எவரும் உறுதிப்படுத்த முடியாது என்று கூகுள் நிறுவனமே இணையத்தள உரிமையாளர்களுக்கான தனது வழிகாட்டலில் எச்சரித்துள்ளது. பணம் கொடுத்து இடம்பிடிக்கக்கூடியது விளம்பரப் பகுதி மட்டுமே. அங்கு விளம்பரம் என்ற குறிப்பு இடப்பட்டிருக்கும். பணம் நின்றவுடன் அந்த இடமும் மறைந்துவிடும். அதற்கப்பால் உள்ள இயல்பான தேடல் முடிவுகளை விலைக்கு விற்பதற்கு கூகுளிடமே வழி கிடையாது. அப்படியிருக்க, இடைத்தரகர் எதனை விற்கின்றார் என்று கேட்பதற்கு வர்த்தகருக்கு உரிமை உண்டு.

தேடுபொறி உகப்பாக்கம் என்று தமிழில் பெயரிடப்பட்டுள்ளதும், வர்த்தகர்கள் 'எஸ்.ஈ.ஓ.' என்றே அழைப்பதுமான இந்தப் பணி மந்திர வித்தையல்ல. தேடுபொறியின் தானியங்கி நிரல்கள் இணையத்திலுள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகச் சென்று வாசிக்கின்றன. வாசித்தவற்றுள் ஏற்றவற்றை ஒரு பேரட்டவணையில் பதிகின்றன. ஒருவர் ஏதேனும் சொல்லைத் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவை தெரிவுசெய்யப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. 1998இல் லாரி பேஜும் சேர்கே பிரினும் கூகுளை நிறுவியபோது, ஒரு பக்கத்துக்கு மற்றைய தளங்கள் கொடுக்கும் இணைப்பை ஒருவகை வாக்காகக் கணித்தமையே அவர்களது புதுமையாக இருந்தது. இன்று இன்னும் பல அம்சங்கள் கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஆனால் ஒழுங்கு மாறவில்லை. வாசிக்கப்படாத பக்கம் அட்டவணையில் ஏறாது; அட்டவணையில் இல்லாதது வரிசையில் வராது.

ஆகவே புதிய தளத்தின் உரிமையாளர் முதலில் அறிய வேண்டியது, தமது தளம் அட்டவணையில் உள்ளதா என்பதையே. கூகுள் தேடற்பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதினால், கூகுள் அறிந்துள்ள பக்கங்கள் காட்டப்படும். ஒன்றுமே வராவிடின் வேறு எதற்கும் செலவு செய்வதில் பயனில்லை. வேட்பிரஸ் மென்பொருளில் தளம் அமைப்போர், வேலை முடியும்வரை தேடுபொறிகள் உள்ளே வராதிருக்கும்படி ஒரு தெரிவை இடுவதுண்டு. வேலை முடிந்தபின் அதனை நீக்க மறந்துவிட்டால், கடையின் கதவை உட்புறமாகப் பூட்டிவிட்டு வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் கதையாகிவிடும். 'சேர்ச் கொன்சோல்' என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கம் ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் விடப்பட்டது என்பதை கூகுளே தெரிவிக்கும்.

இந்த இடத்தில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். தளத்தின் முகவரியும் சேர்ச் கொன்சோல் கணக்கும் வர்த்தகரின் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தளம் அமைத்துத் தரும் இளைஞர் நல்லெண்ணத்துடன் தமது பெயரிலேயே பதிவு செய்துவிட்டு, பின்னர் வெளிநாடு சென்றுவிட்டால், வருடாந்தப் புதுப்பித்தலைச் செய்யவும் ஆளிருக்காது. கடையின் உறுதியை வேறொருவர் பெயரில் எழுத எவரும் சம்மதிப்பதில்லை, இதுவும் அப்படியானதே.

இனி, எமது வர்த்தகர்கள் பெரிதும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். அது தொழில்நுட்பம் அல்ல, மொழி. ஒரு கடையின் தளத்தைத் திறந்தால் அழகிய தமிழில் பொருட்பட்டியலும் விலையும் விளம்பர வாசகமும் காணப்படுகின்றன. ஆனால் அவை யாவும் படங்கள். அச்சகத்தில் துண்டுப்பிரசுரத்துக்கெனத் தயாரித்ததை அப்படியே படமாக ஏற்றியுள்ளனர். மனிதக் கண்ணுக்கு அது வாசகம். தேடுபொறியைப் பொறுத்தவரை அது ஒரு படம் மட்டுமே. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் தொழில்நுட்பம் இருப்பினும், அதை நம்பிக் கடை நடத்த முடியாது. அதே சொற்கள் பக்கத்தில் எழுத்தாகவும் இருக்க வேண்டும். படத்துக்கான மாற்று உரை என்ற இடத்திலும் அது என்ன படம் என்பது ஒரு வரியில் எழுதப்பட வேண்டும்.

எழுத்தாக இட்டாலும் எந்த எழுத்து என்பது அடுத்த கேள்வி. பாமினி எழுத்துரு எமது அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஆற்றிய சேவை பெரிது. ஆயினும் பாமினியில் 'தமிழ்' என்று நாம் திரையில் காண்பது, கணனியின் உள்ளே ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கின்றது. எழுத்துரு என்பது அதன் மேல் போர்த்திய ஆடை. தேடுபொறி ஆடையைப் பார்ப்பதில்லை. பாமினி வாசகத்தைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு 'கைத்தறிச் சேலை' என்று தேடினால் அப்பக்கம் ஒருபோதும் அகப்படாது. யுனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழ் மட்டுமே தேடுபொறிக்குத் தமிழ். பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை பிழை பார்த்தல் அவசியம்.

அடுத்து, எந்தச் சொல்லை எழுதுவது? வர்த்தகர் தமது பொருளை அழைக்கும் சொல்லும், வாங்குபவர் தேடும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு அது குட்டானில் வரும் பனங்கட்டி. தமிழகத்தவருக்குக் கருப்பட்டி அல்லது பனைவெல்லம். இங்கு சாரம் என்றும் சாறன் என்றும் சொல்லப்படுவது அங்கே கைலி, லுங்கி. நாம் தளபாடம் என்று எழுதுவோம். தேடுபவர் 'பர்னிச்சர்' என்று தட்டுவார். இவற்றுக்கும் மேலாக, தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்தாமல் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். காத்தான்குடி, மருதமுனை போன்ற ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதப்படுகின்றன. பொருள் ஒன்றே என்பதைத் தேடுபொறிகள் முன்னரைவிட நன்றாக உணர்கின்றன என்பது உண்மை. பிரதேச வழக்குகளில் அந்த உணர்வை முற்றாக நம்பியிருக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. 'எமது பனங்கட்டி, தமிழகத்தில் கருப்பட்டி எனப்படுவது' என்று ஒரு வாக்கியம் எழுதினால் வாசகருக்கும் அது விளக்கமாக அமையும், தேடலுக்கும் உதவும்.

இந்தச் சொற்களைக் கண்டறிய நிபுணர் எவரும் தேவையில்லை. தேடற்பெட்டியில் முதற்சொல்லை எழுதி நிறுத்தினால், மற்றவர்கள் வழக்கமாகத் தேடுபவற்றைக் கூகுளே பரிந்துரைக்கும். தொலைபேசியில் விசாரிக்கும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சொற்களை ஒரு கொப்பியில் ஒரு மாதம் குறித்துவைப்பது அதைவிடச் சிறந்த ஆய்வு. அவர்கள் கேட்கும் கேள்விகளே பக்கங்களாக வேண்டும். சாயம் போகுமா, கனடாவுக்கு அனுப்புவீர்களா, ஹலால் சான்றிதழ் உண்டா, பணத்தை எவ்வாறு செலுத்துவது என்பவற்றுக்கு நேரடியான பதில் எழுதிய தளம், 'தரமே எமது தாரக மந்திரம்' என்று நான்கு பக்கம் எழுதிய தளத்தை விடப் பயனுள்ளது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு என ஒன்றுண்டு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுவே. பல தளங்களில் அங்கு 'முகப்பு' என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. முகப்பு என்று தேடி எவர் சேலை வாங்க வருவார்? பொருள், ஊர், கடையின் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். தமிழ் எழுத்துகள் அகலமானவை. நீண்ட தலைப்புகள் பாதியில் வெட்டப்படும் என்பதால் முக்கியமான சொல்லை முன்னால் வைக்க வேண்டும். தளத்தின் முகவரியையே தமிழில் பெறவும் வழியுண்டு. '.இலங்கை' என்ற முகவரி ஈற்றுக்கு 2010இல் அங்கீகாரம் கிடைத்தது. அது பெருமைக்குரியது என்றாலும், முகவரி தமிழில் உள்ளது என்பதற்காகத் தேடலில் தனிச்சலுகை கிடைக்குமென எதிர்பார்க்கக் கூடாது.

சிங்களம் பேசும் வாடிக்கையாளரை எதிர்பார்க்கும் வர்த்தகர்கள் அவர்களுக்கெனத் தனி முகவரியுடன் கூடிய தனிப்பக்கம் வைத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் திரையில் மட்டும் மொழிபெயர்த்துக் காட்டும் வசதியினால் தேடுபொறியில் எதுவும் பதிவாவதில்லை. சிங்களம் நன்கறிந்த ஒருவர் எழுதித்தரும் ஒரேயொரு பக்கம் அதைவிட மேலானது.

உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியுள்ள கடைக்கு, தளத்தை விடவும் 'கூகுள் பிஸ்னஸ் புரொபைல்' முதலில் பயன்தரும். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் காட்டும் இந்தப் பதிவும் இலவசமே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் கடை மூடப்படுமாயின் அதையும் குறிப்பிடலாம். பெயரும் முகவரியும் இலக்கமும் எல்லா இடங்களிலும் ஒரே விதமாக இருக்க வேண்டும். கொழும்பிலும் இலண்டனிலும் உள்ள உறவினரைக் கொண்டு ஐந்து நட்சத்திரங்கள் இடுவிக்கும் வழக்கம் கூகுளின் விதிகளுக்கு முரணானது. உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் குறை எழுதினால் அதன் கீழ் மரியாதையாகப் பதிலளிப்பது நூறு புகழுரைகளை விடப் பெறுமதியானது.

குறுக்குவழியில் சென்றவர்களின் கதி என்ன என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் தளம், தேடுபொறிக்கு ஒன்றையும் பார்வையாளருக்கு வேறொன்றையும் காட்டியமைக்காக 2006 பெப்ரவரியில் கூகுள் அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் சில நாட்களில் மீண்டது. எமது சிறு கடை மீள எவ்வளவு காலம் செல்லும்? விலைக்கு வாங்கிய இணைப்புகளால் உயர்ந்த தளங்களை 2012இல் 'பென்குயின்' என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் கீழிறக்கியது. பக்கத்தின் உள்ளே மறைவாகச் சொற்பட்டியல் இடும் பழைய முறையை வரிசைப்படுத்தலில் தான் கருதுவதில்லை என்று 2009இலேயே அது அறிவித்துவிட்டது. ஆயினும் இவ்விரண்டையும் இன்றும் விலைமனுவில் சேர்ப்பவர்கள் உள்ளனர். நேர்மையான இணைப்புகளைக் கேட்டுப் பெறலாம். பொருள் வழங்கும் மொத்த வியாபாரி, அங்கம் வகிக்கும் வர்த்தகர் சங்கம், அனுசரணை வழங்கிய பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் ஆகியோரின் தளங்களில் கடையின் முகவரி இடம்பெறுவதில் தவறேதுமில்லை.

பேஸ்புக் பக்கம் இருக்கும்போது இந்தச் சிரமங்கள் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்செயல்களை அடுத்தும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் ஊரடங்கு நாளிலும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை அவர்கள் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் பேஸ்புக்கை மட்டும் நம்பியவர்களின் கடை வாடிக்கையாளருக்கு மூடியே கிடந்தது. சொந்தத் தளம் அந்த முடக்கத்தில் அடங்கவில்லை. பேஸ்புக்கைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அதிலிருந்து தளத்துக்கு ஆட்களை அழைத்து வரலாம்.

படங்களின் அளவைக் குறைத்து, கையடக்கத் தொலைபேசியில் பக்கம் விரைவாகத் திறக்கச் செய்வதும் உரிமையாளரால் இயலுமான காரியமே. கூகுள் இப்போது ஒரு தளத்தின் தொலைபேசி வடிவத்தையே வாசித்துப் பதிகின்றது. முகவரியின் முன் பூட்டுக்குறி தோன்றுவதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கின்றது; அதற்குத் தனிக்கட்டணம் கேட்டால் காரணம் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான பொருட்களைக் கொண்ட பெருந்தளங்களுக்கும், திடீரெனத் தேடலில் இருந்து மறைந்துவிட்ட தளங்களுக்கும் நிபுணரின் உதவி தேவைப்படலாம். அந்நிலையிலும் முதலிடம் தருவதாகக் கூறுபவரை விடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றம், ஏன் என்பதை எழுதித் தருபவரையே அமர்த்த வேண்டும்.

2024 முதல் கூகுள், தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதில்களைக் காட்டத் தொடங்கியுள்ளது. கைத்தறி என்றால் என்ன என்பது போன்ற பொது விளக்கங்களுக்காக இனிக் கடையின் தளத்துக்கு வருவோர் குறையலாம். இன்றைய விலை, கையிருப்பிலுள்ள நிறங்கள், அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கடைக்காரரைத் தவிர வேறெவரும் எழுத முடியாது. ஆகவே உழைப்பை அங்கே செலுத்துவதே புத்திசாலித்தனம்.

பலன் உடனடியாகத் தெரியாது. சீர்திருத்தங்களின் விளைவைக் காண நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும் என்பது கூகுள் தரப்பே கூறிய கணக்கு. நோன்புப் பெருநாளுக்கோ தைப்பொங்கலுக்கோ விற்பவர் அந்த வாரத்தில் பக்கத்தை ஏற்றினால் காலம் கடந்துவிடும். மூன்று மாதம் முன்னரே ஏற்றி, பெருநாள் முடிந்தபின் அழிக்காமல், அடுத்த வருடமும் அதே முகவரியில் புதுப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒருமுறை சேர்ச் கொன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்குத் தமது தளம் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பார்ப்பது நல்லது. தாம் எழுத நினைத்திராத ஒரு சொல் அங்கு இருக்கக்கூடும். அச்சொல்லுக்கு உரிய பக்கம் தளத்தில் இல்லையாயின், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுவே.