கடதாசியில் ஒரு கைத்தொழில்: கூலியையும் சேர்த்து எழுதுவோம்



கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் எமக்குப் பண்டிகைகளுக்குக் குறைவில்லை. தைப்பொங்கல் முடிந்தால் சித்திரைப் புத்தாண்டு. அதன் பின் வெசாக், பொசன், எசல பெரஹரா, தீபாவளி, நத்தார் என்று ஆண்டு ஓடிவிடும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, எல்லாப் பருவங்களையும் தொட்டுச் செல்லும். இந்த நாட்கள் ஒவ்வொன்றுக்கும் வாழ்த்து அட்டையோ, தோரணமோ, கூடோ, நட்சத்திரமோ தேவைப்படுகிறது. கடதாசி வேலை தெரிந்த ஒரு பெண்ணுக்கு, இந்த நகரில் பன்னிரண்டு மாதமும் கைக்கு வேலை உண்டு.

கட்டுகஸ்தோட்டை, மடவளை, பேராதனை, கம்பளை ஆகிய இடங்களில் உள்ள மாதர் குழுக்களுக்கு நான் பல ஆண்டுகளாகக் கடதாசி வேலை பழக்கி வருகிறேன். வெட்டவும் ஒட்டவும் எமது பெண்களுக்கு அரை நாளில் வந்துவிடுகிறது. கணக்கு எழுதத்தான் வருவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் செய்முறையையும் சொல்கிறேன், கணக்கையும் சொல்கிறேன்.

அட்டை வந்த கதை

அச்சிட்ட முதலாவது நத்தார் வாழ்த்து அட்டை 1843ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவருக்கு அந்த ஆண்டு தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லை. எனவே ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அதை அச்சடித்தார். மிகுதி அட்டைகள் ஒன்று ஒரு ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன.

எமது நாட்டில் வெசாக் பௌர்ணமி தினம் பொது விடுமுறையாக்கப்பட்டது 1885இல். பௌத்தக் கொடியும் அந்த ஆண்டு வெசாக் தினத்தில்தான் முதன்முதலாக ஏற்றப்பட்டது. கூடுகளும் தோரணங்களும் வாழ்த்து அட்டைகளும் பெருகி, வெசாக் இன்று நாடே ஒளிரும் விழாவாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1949ஆம் ஆண்டின் கதை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, போருக்குப் பின் தனது கிராமத்துக்கு உதவிய யுனிசெப் நிறுவனத்துக்கு நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். அந்த நேரம் கடதாசி கிடைக்கவில்லை. எனவே கண்ணாடித் துண்டொன்றில் வரைந்தாள். அந்தப் படம்தான் யுனிசெப்பின் முதலாவது வாழ்த்து அட்டை. அதன் பிறகு அந்த அட்டைகளின் விற்பனைப் பணம் உலகெங்கும் குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

தாளை வீட்டிலேயே செய்யலாம்

கடதாசி இல்லாத நிலை எமக்கும் புதிதல்ல. 2022 மார்ச் மாதம், வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதுதான் எமது குழுக்களில் பலர் பழைய அப்பியாசக் கொப்பிகளைப் பழைய சாமான்காரருக்குப் போடாமல் எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

கண்டியிலிருந்து கொழும்பு போகும் வழியில் உள்ள கேகாலைப் பகுதியில், 1997இல் துசித்த ரணசிங்க தொடங்கிய மக்சிமஸ் நிறுவனம் யானைச் சாணத்தில் தாள் செய்து உலகப் புகழ் பெற்றது. யானை தின்னும் தழைகளின் நார் முழுவதும் சீரணமாவதில்லை. அந்த நாரைக் கழுவி, அவித்து, கழிவுக் கடதாசியுடன் கூழாக்கித் தாள் எடுக்கிறார்கள். 2006இல் பிபிசியின் உலக சவால் விருது அந்த முயற்சிக்குக் கிடைத்தது. யானை இல்லாவிட்டாலும் எமது வீட்டில் பழைய கொப்பியும் தேயிலைச் சக்கையும் இருக்கின்றன.

பழைய தாள்களிலிருந்து கம்பிகளை அகற்றி, பெருவிரல் நகமளவு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு ஊற விடுங்கள். மறுநாள் ஒரு பிடி தாளுக்கு மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்து அரைத்துக் கூழாக்குங்கள். எழுத்து மை ஊறிப் பரவாதிருக்க ஒரு கோப்பை சோற்றுக் கஞ்சியைக் கலந்துகொள்ளுங்கள். நிறத்துக்குத் தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், பூவிதழ் எதுவும் சேரலாம். மஞ்சள் மட்டும் வெயிலில் வெளிறிவிடும்.

இனி ஒரு மரச் சட்டத்தில் நைலோன் நுளம்பு வலையைத் தொய்வின்றி இழுத்து அடியுங்கள். அகலமான பேசினில் கூழையும் தண்ணீரையும் கலக்கி, சட்டத்தை உள்ளே விட்டுச் சமமாகத் தூக்குங்கள். நீர் வடிந்ததும் பழைய பருத்தித் துணியின் மேல் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பொஞ்சால் ஒற்றியெடுத்தால் தாள் துணியில் ஒட்டிக்கொள்ளும். பலகை வைத்து மேலே கல் ஏற்றி நீரைப் பிழியுங்கள். பிறகு நிழலில் காய வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே துணியோடு சேர்த்து ஸ்திரிக்கை போடுங்கள். மிஞ்சிய கூழைக் கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும். வடித்து உருண்டையாக்கி வைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

கண்டியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆண்டுக்குத் தேவையான தாளை அந்த மாதங்களிலேயே செய்து வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும்.

அட்டை மடிக்கும் முறை

கைத்தாளை முழு அட்டையாக்கினால் செலவும் உழைப்பும் கூடும். பிறிஸ்டல் போட்டில் அட்டையை வெட்டி, முகப்பில் மட்டும் கைத்தாள் துண்டை ஒட்டுவதே சிக்கனம். 22க்கு 28 அங்குலத் தாளொன்றில் 7க்கு 10 அங்குலத் துண்டுகள் எட்டு வரும். நடுவில் மடித்தால் 5க்கு 7 அங்குல அட்டை எட்டு. மிஞ்சும் இரண்டு அங்குலப் பட்டியில் அன்பளிப்புப் பொதிகளுக்கான சிறு அட்டைகள் பதினான்கு வெட்டலாம். எதையும் வீசத் தேவையில்லை.

வெட்டுமுன் தாளை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் கோட்டில் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனையால் அழுத்தி ஒரு கோடு இழுத்த பின் மடியுங்கள். கடை அட்டைக்கும் கற்றுக்குட்டி அட்டைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு கோடுதான்.

முகப்பு அலங்காரத்துக்குக் காசு கொடுத்து மினுக்கப் பொருட்கள் வாங்க வேண்டாம். தடித்த புத்தகத்தில் வைத்துக் காய வைத்த பன்னத் தழை, தைத்து மிஞ்சிய சேலைக்கரைத் துண்டு, நூல் என்பனவே போதும். உதிர்ந்த அரச இலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தடவினால் சதை நீங்கி நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அதைப் போல் அழகான முகப்பு வேறில்லை. ஆனால் விகாரை வளவில் கிடக்கும் இலை என்றால் கேட்டு எடுங்கள்.

வெசாக் கூடு

2017 செப்டெம்பர் முதல், சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கடதாசிக்கு அது நல்ல செய்தி.

இலகுவான கூட்டுக்கு, ஓர் அடி நீளமான மூங்கில் சலாகைகள் 24 வேண்டும். நான்கு நான்காக நூலால் கட்டி ஆறு சதுரங்கள் செய்யுங்கள். நான்கு சதுரங்களை மூலை மேலே வரும்படி சாய்த்து நிறுத்தி, பக்க மூலைகளை ஒன்றோடொன்று கட்டி வட்டமாக்குங்கள். மேலே நீட்டி நிற்கும் நான்கு மூலைகளில் ஐந்தாவது சதுரமும், கீழே உள்ள நான்கு மூலைகளில் ஆறாவது சதுரமும் சரியாக வந்து உட்காரும். சதுரங்களுக்கிடையே எட்டு முக்கோணங்கள் தாமாகவே தோன்றும். மேல் சதுரத்தைத் திறந்து விட்டு, மற்றவற்றுக்கு டிஷ்யூ தாள் ஒட்டுங்கள். அடியில் வால்கள் தொங்க விடலாம்.

பசைக்கு ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போல் வரும்வரை கிண்டிக் காய்ச்சினால் போதும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். பின்னேர மழையில் டிஷ்யூ தாளின் சாயம் கரைந்து ஓடுவதால் கூரைக்குக் கீழே தொங்க விடுங்கள். உள்ளே மெழுகுதிரி வேண்டாம். சிறிய எல்ஈடி விளக்கு போடுங்கள்.

அயலவரின் பண்டிகை

எமது குழுக்களில் மூன்று மொழிப் பேச்சும் நான்கு சமயமும் உண்டு. ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் அட்டை செய்கிறார். இதில் கவனமும் மரியாதையும் வேண்டும். வாழ்த்து அட்டை கடைசியில் குப்பைக் கூடைக்கும் போகும் பொருள். ஆகவே வெசாக் அட்டையில் புத்தரின் உருவத்துக்குப் பதில் தாமரையும் விளக்கும் போதும். பெருநாள் அட்டையில் வேத வசனங்களையும் உருவப் படங்களையும் தவிர்த்து, பிறையும் பூவேலையும் வையுங்கள். பொங்கலுக்குப் பானையும் கரும்பும், தீபாவளிக்கு அகல் விளக்கும், நத்தாருக்கு நட்சத்திரமும் போதுமானவை. சிங்கள, தமிழ், ஆங்கில வாழ்த்து வாசகங்களை அந்த மொழி நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டிய பின்பே எழுதுங்கள். எழுத்துப் பிழையுள்ள வாழ்த்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நடந்தவை எமது மனதை விட்டு அகலாதவை. ஓர் அட்டை அந்தக் காயங்களை ஆற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணின் பண்டிகையில் எது அழகு, எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வேலை எம்மைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரே மேசையில் இருந்து கேட்கும் அந்தக் கேள்விக்கு ஒரு பெறுமதி உண்டு.

கணக்கு

ஒரு வகுப்பில் செலவுக் கணக்கு எழுதச் சொன்னேன். எல்லோரும் தாள், பசை, நூல் என்று எழுதினார்கள். கூலி எங்கே என்று கேட்டதும் ஒரு சகோதரி சொன்னார்: “டீச்சர், நான் வீட்டில்தானே இருந்து செய்தேன். கூலியை யாருக்கு எழுதுவது?”

அவர் பிள்ளைகளை உறங்க வைத்த பின் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து செய்த அட்டைகள் அவை. தாளின் விலைக்குச் சற்று மேலே விற்றுவிட்டு, அதை இலாபம் என்று நினைத்திருந்தார். உண்மையில் அவர் தனது உழைப்பை இலவசமாகக் கொடுத்திருந்தார்.

ஓர் உதாரணத்துக்குக் கணக்குப் போடுவோம். ஓர் அட்டைக்குப் பொருட்செலவு 40 ரூபா. மணித்தியாலத்துக்கு 200 ரூபா கூலி, ஒரு மணித்தியாலத்தில் நான்கு அட்டைகள் என்றால், ஓர் அட்டைக்குக் கூலி 50 ரூபா. சேதத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் 10 ரூபா. மொத்தம் 100 ரூபா. இதற்குக் கீழே விற்றால் நட்டம்.

இனி, கடைக்காரர் விற்பனை விலையில் நூற்றுக்கு 25 தனக்கு என்கிறார். பலர் 100உடன் 25ஐக் கூட்டி 125 ரூபா என்று விலை குறிப்பார்கள். அது பிழை. 125இல் கால் பங்கு 31 ரூபா 25 சதம். உங்கள் கைக்கு வருவது 93 ரூபா 75 சதம்தான். 100ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும். விலை ஏறக்குறைய 134 ரூபா. இதற்கு மேல் வைப்பதே உங்கள் இலாபம். இன்றைய கடை விலைகளைப் போட்டு இதே முறையில் நீங்களே கணக்குப் பாருங்கள்.

விற்ற பின் பணம் தருவதாகச் சொல்லும் கடைகளில் எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு முறை எமது குழு ஒரு கடைக்குக் கொடுத்த அட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு, பண்டிகை முடிந்த பின் ஓரம் மடங்கி, அழுக்கேறித் திரும்பி வந்தது. யார் பொறுப்பு என்று எழுதி வைக்காததால் கேட்க வழியில்லை. இப்போது எத்தனை அட்டைகள், என்ன விலை, சேதமானால் யார் பொறுப்பு, பணம் எந்தத் திகதியில் என்ற நான்கையும் எழுதிக் கையொப்பம் வாங்கிய பின்பே கொடுக்கிறோம். பெரும்பாலான கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் கையொப்பமிடுகிறார்கள்.

தொடங்க விரும்பும் சகோதரிகள் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னரே ஐந்து மாதிரி அட்டைகள் செய்து, பாடசாலை, அலுவலகம், புத்தகக் கடை என்று காட்டி, கேட்ட அளவுக்கு மட்டும் செய்யுங்கள். வாழ்த்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பும் காலம் இது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் ஆசிரியைக்கும், தூரத்தில் இருக்கும் தாய்க்கும், கண்டிக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கும் கையில் பிடித்துப் பார்க்கும் ஒன்று இன்னமும் வேண்டியிருக்கிறது.

ஒரு பழைய கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு கோடுகள் இழுத்து மூன்று நிரல்கள் ஆக்குங்கள். ஒன்றில் பொருள், ஒன்றில் நேரம், ஒன்றில் விலை. நடு நிரலை ஒரு நாளும் வெறுமையாக விடாதீர்கள்.