உஷார்! ‘போதை தெளிஞ்சா சரியாயிடுவான்’ என்று காத்திருக்காதீர்கள்

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டுக்காரர்களுக்கும் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்காரர்களுக்கும் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறதா? தனியாகச் சிரிக்கிறதா? ‘தறிச் சத்தத்துக்குள்ள என்னைப் பத்திதான் பேசறாங்க’ என்கிறதா? அம்மா போட்ட சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறதா? இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

சட்டைப் பையில் பொட்டலம் கிடைத்துவிட்டால் அப்பா, ‘கஞ்சா அடிச்சிருக்கான், தெளிஞ்சா சரியாயிடுவான்’ என்கிறார். நாலு அடியும் போடுகிறார். பொட்டலம் கிடைக்காத வீட்டில் பாட்டி, ‘காத்து கருப்பு’ என்கிறாள். சோளிங்கர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வண்டி பிடிக்கிறார்கள். ஆஞ்சநேயரைத் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மருந்து தொடங்காமல் போகிற ஒவ்வொரு வாரமும் குணமாவதைக் கடினமாக்குகிறது. கஞ்சாவின் கிறக்கம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நாள்கணக்கில் குரல் கேட்டால் அது வெறும் கிறக்கமல்ல.

போதை வேறு, மனநோய் வேறு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரே பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நியூசிலாந்தின் டுனிடின் நகரத்தில் பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. 15 வயதுக்குள் கஞ்சா தொட்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு 26 வயதில் மனச்சிதைவு போன்ற நோய் இருந்தது. மற்றவர்களில் 3 சதவீதம். தொட்ட எல்லோருக்கும் வருவதில்லை. வீட்டில் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ மனச்சிதைவு இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். ஸ்கிசோஃப்ரினியா என்கிற இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். பதின்மூன்றுக்கு முன் அபூர்வம். மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற அதே வயதில்தான் முதல் பொட்டலமும் கைக்கு வருகிறது. தலைகீழாகவும் நடக்கும்: காதில் கேட்கிற குரலை அடக்க வழி தெரியாமல் போதைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அடித்துத் திருத்த நினைப்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கஞ்சா மட்டுமா? 2019-இல் வெளியான எய்ம்ஸின் தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை, முகர்வது: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பஞ்சர் ஒட்டும் சொலூஷன், ஒயிட்னர், தின்னர் என எல்லாம் கடையில் கிடைப்பவை. பையன் கைக்குட்டையில் பெயின்ட் வாடை வீசினால் அலட்சியம் வேண்டாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் தமிழ்நாட்டில் நடக்கிறது.

‘ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ’ என்ற பயத்தில்தான் பலர் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவோடு பிடிபட்டவரானாலும், தானே முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொள்ளும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பிள்ளைக்குப் போதை கொடுத்தவனுக்கோ சிறார் நீதிச் சட்டம் 77-இன்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். பயப்பட வேண்டியவன் அவன்.

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ராத்திரியில் கைமீறினால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பிள்ளை சாகப்போவதாகச் சொன்னாலோ யாரையாவது தாக்க வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ‘முதல்ல போதையை விடட்டும், அப்புறம் மனநோயைப் பாக்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் வேண்டும். மருந்து பிடித்துப் பிள்ளை பழையபடி பேசத் தொடங்கினதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

போகும்போது அறையில் கிடைத்த பொட்டலம், மாத்திரை அட்டை, சொலூஷன் டியூப் எது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை நாளாகத் தூங்கவில்லை, எப்போதிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, குடும்பத்தில் யாருக்கு இப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.