டர்ட் பைக் ஏன் கொஞ்சம் அமுங்க வேண்டும்?

டர்ட் பைக் வாங்க வருபவர் முதலில் சிசி கேட்கிறார். கேட்க வேண்டியது சீட் உயரம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சாதாரண மாடலில் அது 825 மி.மீ.; புரோவில் 891. மேட்டில் வண்டி நின்றுவிட்டால், கால் எட்டாத புதியவர் அப்படியே சாய வேண்டியதுதான்.

அடுத்தது பின் ஸ்பிரிங். பின்சக்கரம் சுமார் 300 மி.மீ. ஏறி இறங்கும் மோட்டோகிராஸ் வண்டியில், ஆள் உட்கார்ந்ததும் ஏறத்தாழ 100 மி.மீ. அமுங்க வேண்டும். எதற்கு? சக்கரம் மேட்டில் மேலே போனால் மட்டும் போதாது. பள்ளத்தில் கீழே இறங்கியும் மண்ணைப் பிடிக்க வேண்டும். அதற்கான இருப்புதான் இந்த அமுக்கம். அது கூடினால் முன்சக்கரம் லேசாகி வளைவில் வெளியே ஓடும். குறைந்தால் ஹேண்டில் படபடக்கும்.

அளப்பது எளிது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது பின் அச்சிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடிக்கவும். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸோடு ஆள் ஏறியதும் மறுபடி அளக்கவும். வித்தியாசமே விடை. ஷாக்கில் ஸ்பிரிங்கை அழுத்தும் வளையத்தை இறுக்கினால் அமுக்கம் குறையும். முழுக்க இறுக்கியும் சரிவராவிட்டால் அவர் எடைக்கேற்ற வேறு ஸ்பிரிங்தான் வழி.

டயரில் 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்று பெரும்பாலான மண்பாதைக்குப் போதும். டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். ஆனால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாமல் இவ்வளவு குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வைக் கிழித்துவிடும்.